ரேட்டிங் ஸ்கேல்னா அளவுகோலா, படியா?

"பையனுக்கு பிஹேவியர் ரேட்டிங் ஸ்கேல் போட்டாங்க, மொத்தம் 40 வந்திருக்கு, பாஸா பெயிலா?"னு ஆட்டிசம் இருக்கற பையனோட அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. பிள்ளையோட நடத்தைய பத்தி வரி வரியா கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் பெத்தவங்களோ டீச்சரோ ஒரு நம்பர் போடற தாள்தான் அது. தப்பு அவங்க மேல இல்ல, நாமதான் ரேட்டிங் ஸ்கேல தமிழ்ல எல்லா இடத்துலயும் 'மதிப்பீட்டு அளவுகோல்'னு போட்டு வச்சிருக்கோம், கோல்னு சொன்னதும் சென்டிமீட்டர் கோடு போட்ட மரக்கட்டைதான ஞாபகம் வரும்.

இந்த ஸ்கேல் லத்தீன் 'ஸ்காலா'லேர்ந்து வந்தது, ஏணின்னு அர்த்தம். (தராசுக்கு சொல்ற ஸ்கேல் வேற வழி, பழைய நார்ஸ் மொழில கிண்ணம்.) ஏணின்னு எடுத்துக்கிட்டா எல்லாம் புரியுது. அமன், சிங் குழு 1985ல வெளியிட்ட 'அபெரன்ட் பிஹேவியர் செக்லிஸ்ட்'ங்கற ரேட்டிங் ஸ்கேல்ல 58 வரி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3 வரை, 0னா பிரச்சனையே இல்ல, 3னா ரொம்ப தீவிரம். 0லேர்ந்து 1க்கு ஏற்றதும் 2லேர்ந்து 3க்கு ஏற்றதும் ஒரே உயரம்னு யாரும் அளந்து சொல்லல. மொத்தத்த கூட்டறதுலயும் பெருசா பிரயோஜனம் இல்ல, எரிச்சல், ஒதுங்கிப்போறது, திரும்பத் திரும்ப ஒரே அசைவு, துறுதுறுப்பு, பொருந்தாத பேச்சுன்னு அஞ்சையும் தனித்தனியாதான் பாக்கணும்.

நம்மூர்ல அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான செகந்திராபாத் தேசிய நிறுவனம் 1992ல கொண்டுவந்த பேசிக்-எம்ஆர்ங்கற ஸ்கேல்ல, பிரச்சனை நடத்தைய பாக்கற பி பகுதி 75 வரி, அதுல 0, 1, 2தான், கேள்வியும் 'எவ்ளோ தீவிரம்'னு இல்ல, 'எவ்ளோ அடிக்கடி'னு. எப்பவாவது ஒருதடவை ஆனா ரத்தம் வர்ற அளவு கைய கடிச்சுக்கற பிள்ளைக்கு இங்க 1, அங்க 3 கூட வரலாம். ஏணியே வேற.

அதனால நான் 'படிநிலை மதிப்பீடு'னுதான் எழுதறேன். படிங்கறது ஏறற படியும்தான், அரிசி அளக்கற படியும்தான், லத்தீன்காரனுக்கு கிடைக்காத வசதி இது! 'அபெரன்ட்' மட்டும் இடிக்குது, வேர்ப்படி பாத்தா 'வழி விலகி அலையறது', பிறழ்நடத்தைன்னா கச்சிதமா பொருந்தும், ஆனா பெத்தவங்க கைல குடுக்கற தாள்ல அத போட மனசு வரல, 'சிரமம் தர்ற நடத்தை'ன்னு மாத்திட்டேன்.

அந்த அம்மாகிட்ட 40ஐ விடுங்க, எந்த வரிக்கு 3 போட்டீங்கன்னு கேட்டேன். கத்தறதுக்காம். ஸ்கூல்ல டீச்சர் அதே வரிக்கு 1 போட்டிருக்காங்க, ரெண்டும் நிஜந்தான், ஸ்கூல்ல யாரும் அவன்கிட்டேர்ந்து போனை புடுங்கறதில்லையே.