நாலாவது வரியில் மூன்று நட்சத்திரம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மொத்தம் பதினோரு வரி. கீழே மூன்று கேள்விகள்: "சார், நாலாவது வரியில வெறும் நட்சத்திரமா வருது, அந்த ரவுட்டர் செத்துப்போச்சா? அஞ்சாவது வரியில 48 மில்லிசெகண்ட், ஆறாவதுல 14. தூரம் கூடக் கூட நேரம் எப்படிக் குறையும்? இங்கருந்து எங்க குன்னூர் ஆபீஸ் 20 கிலோமீட்டர்தான். அதுக்கு எதுக்குப் பதினோரு வரி?"

உள்ளூர் பிராட்பேண்ட் அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. ஃபைபர் ஒட்டுவார், வீடுகளில் மோடம் மாட்டுவார், ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவார். அந்த வேலையே மதிப்பெண்ணாகச் சேரும் பட்டப்படிப்பில் இப்போது நெட்வொர்க்கிங் அடிப்படைகள் படிக்கிறார். இங்கிலாந்தில் 2015 முதல் இப்படிச் சம்பளமும் பட்டமும் ஒன்றாய் வரும் படிப்புகள் நடக்கின்றன. நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020இல் தொழிற்பழகுநர் பயிற்சியோடு இணைந்த பட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஐபி முகவரி என்பது இணையத்தில் ஒரு கருவியின் விலாச எண், செய்தி சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகும், ரவுட்டர் என்பது வழி திருப்பிவிடும் பெட்டி என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. நேரே அந்தக் கறுப்புத் திரைக்குப் போவோம். அதன் பெயர் டிரேஸ்ரூட்: ஒரு கணினிக்குப் பாக்கெட் போகிற வழியில் உள்ள ரவுட்டர்களை வரிக்கு ஒன்றாகக் காட்டும் கருவி. விண்டோஸில் டிரேசர்ட்.

முதலில் ஒரு விசித்திரம். இணையத்தில் "நான் போகிற வழி எது?" என்று கேட்க நேரடி ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் அடுத்த திருப்பம் மட்டும்தான் தெரியும். முழுப் பாதை எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. அப்படியிருக்க, இந்தப் பதினோரு வரி எங்கிருந்து வந்தது?

செத்த பாக்கெட்டுகளிடமிருந்து.

ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் ஓர் எண் இருக்கும். ஆயுள் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள், துறைக்காரர்கள் டிடிஎல் என்பார்கள். எட்டு பிட் இடம், ஆகவே 255க்கு மேல் போகாது. லினக்ஸ் கணினி வழக்கமாக 64 போட்டு அனுப்பும், விண்டோஸ் 128. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடும். இரண்டு ரவுட்டர்கள் தவறுதலாக ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தால், பாக்கெட் செக்குமாடு மாதிரி காலாகாலத்துக்கும் சுற்றும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 1981இல் வெளியான ஐபி விதிமுறையில் இந்த எண்ணை விநாடிக் கணக்காகத்தான் எழுதினார்கள். ஒரு விநாடிகூட ஆகாவிட்டாலும் ஒன்றையாவது கழித்தே தீர வேண்டும் என்றும் சேர்த்திருந்தார்கள். நடைமுறையில் விநாடி போய் எண்ணிக்கை மட்டும் நின்றது. பின்னால் வந்த ஐபி ஆறாம் பதிப்பில் பெயரையே 'தாவல் வரம்பு' என்று மாற்றிவிட்டார்கள்.

பாக்கெட்டைக் குப்பையில் போடும் ரவுட்டர் சும்மா இருப்பதில்லை. "உங்கள் பாக்கெட்டின் ஆயுள் என்னிடம் முடிந்தது" என்று அனுப்பியவருக்கு ஒரு துக்கச் செய்தி போடும். கடிதம் என்றால் அனுப்புநர் முகவரி இருக்குமே! அந்த முகவரிதான் நமக்கு வேண்டியது.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு காவல்காரர். உங்கள் ஆளிடம் 'ஒரு வளைவு' என்று சீட்டு எழுதி அனுப்புகிறீர்கள். முதல் வளைவிலேயே சீட்டு தீர்ந்துவிடும். காவல்காரர் ஆளை இறக்கிவிட்டு, "உங்க ஆளு எங்கிட்ட இறங்கிட்டார்" என்று தன் விலாசத்தோடு ஒரு கார்டு போடுகிறார். அடுத்த ஆளிடம் இரண்டு வளைவுச் சீட்டு, அதற்கடுத்தவரிடம் மூன்று. கார்டுகளை வரிசையாக அடுக்கினால் மலைப்பாதையின் படம் உங்கள் மேஜையில். ஆள் போனதற்கும் கார்டு வந்ததற்கும் நடுவில் உள்ள நேரத்தையும் குறித்துக்கொள்கிறீர்கள். டிரேஸ்ரூட் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று ஆள் அனுப்பும், அதனால்தான் வரிக்கு மூன்று நேரம். (வழக்கமாக முப்பதோடு நிறுத்திக்கொள்ளும். கல்லட்டியில் விட்டால் ஊட்டி வந்து சேராது.)

கடைசி வரி எப்படித் தெரியும்? யுனிக்ஸ் வகை டிரேஸ்ரூட்டில் அதற்கும் ஒரு குறும்பு இருக்கிறது. ஒரு கணினிக்குள் செய்தி எந்த மென்பொருளுக்குப் போக வேண்டும் என்று சொல்வது கதவு எண், அதாவது போர்ட். யாரும் புழங்காத 33434 மாதிரி ஒரு பெரிய கதவு எண்ணுக்குப் பாக்கெட்டை அனுப்பும். சேர வேண்டிய கணினி, "இங்கே அப்படிக் கதவே இல்லையே" என்று வேறு வகைக் கடிதம் போடும். குரல் மாறியதும், ஊர் வந்துவிட்டது என்று இது புரிந்துகொள்ளும். விண்டோஸ் இந்தக் குறும்பை விட்டுவிட்டு "இருக்கிறாயா?" என்று கேட்கும் சாதாரண பிங் செய்தியை அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்கிறது.

டிரேஸ்ரூட்டை எழுதியவர் வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர். யோசனை ஸ்டீவ் டீரிங்குடையது. 1980களின் பிற்பகுதி, அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். யாருடைய ரவுட்டரிலும் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. உலகமெங்கும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த துக்கச் செய்திகளை வேறு கண்ணால் படித்தார், அவ்வளவே. 'பிழைச் செய்தி வாசிக்கும் கருவி செய்யப் போகிறேன்' என்று இங்கே ஒரு நிதிக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள், அதுவே திரும்பி வரும்! நான் பார்த்த ஒரு கல்லூரியில் லட்சக்கணக்கில் தொடுதிரைப் பலகை மாட்டியிருந்தார்கள். மாணவர் கைவைத்துக் கெடுத்துப் பார்க்க ஒரு பழைய ரவுட்டர் கிடையாது.

இப்போது நட்சத்திரத்துக்கு வருவோம். நாலாவது ரவுட்டர் செத்திருந்தால் ஐந்தாவது வரியே வந்திருக்காது. அது உயிரோடுதான் இருக்கிறது, கடிதம் எழுத மாட்டேன் என்கிறது. பாதுகாப்புக்காகவோ, வேலை மிச்சம் என்றோ பல நிறுவனங்கள் அப்படி அமைத்து வைப்பதுண்டு.

48 சங்கதி இதைவிட ருசி. ரவுட்டருக்குள் இரண்டு ஆள் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசலில் நின்று, வருகிற பாக்கெட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தள்ளிவிடுபவர். அதற்கென்றே செய்த சில்லு, மின்னல் வேகம். இன்னொருவர் உள்ளறை குமாஸ்தா. சாதாரணச் செயலி, வழி அட்டவணையைத் திருத்துவதுதான் அவருடைய முக்கிய வேலை. துக்கச் செய்தி எழுதுவது பெரும்பாலும் அவர் தலையில் விழும், அதுவும் கை ஒழிந்தால்தான். ஐந்தாவது ரவுட்டரின் குமாஸ்தா அந்த நேரம் பார்த்து மும்முரமாக இருந்திருக்கிறார். ஆறாவதுக்குப் போன பாக்கெட்டோ ஐந்தின் வாசலைத் தாண்டிப் போய்விட்டது, குமாஸ்தாவைப் பார்க்கவே இல்லை. ஆகவே 48 என்பது தபால் எழுதிய தாமதம், பாதையின் தாமதமல்ல. நடுவில் ஒரு வரியில் மட்டும் எண் எகிறினால் விட்டுவிடலாம். அங்கே எகிறி, கடைசி வரி வரைக்கும் இறங்காமல் இருந்தால்தான் ஜீப்பை எடுக்க வேண்டும்.

அந்த 14க்குள் தூரமும் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பும் கணக்கில் ஒரு மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர். 14 மில்லிசெகண்டில் பதில் வந்தால், அந்தப் பெட்டி 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. வாசகியின் படத்தில் ஆறாவது பெட்டியின் பெயரிலேயே சென்னையின் சுருக்கெழுத்து இருந்தது.

ஆக, கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குச் சென்னை வழியாகப் போயிருக்கிறது. கோத்தகிரி அலுவலகத்துக்கு இணைப்புத் தருவது ஒரு நிறுவனம், குன்னூர் கிளைக்குத் தருவது இன்னொன்று. இருவருக்கும் மலைமேல் சந்திப்பு இல்லை. மண்சரிவில் கோத்தகிரி–குன்னூர் ரோடு அடைபட்டால் மேட்டுப்பாளையம் இறங்கி மறுபடி ஏறுவோமே, அது மாதிரி. என்ன, இவர்களுடைய மேட்டுப்பாளையம் சென்னையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்திய நிறுவனங்கள் இரண்டு பேசிக்கொள்ள பாக்கெட் வெளிநாடு போய்த் திரும்பியதும் உண்டு. அதைக் குறைக்கத்தான் 2003இல் நிக்ஸி என்ற தேசிய இணைப்பகத்தை ஏற்படுத்தினார்கள்.

பதில் எழுதி அனுப்பினேன். சில நாள் கழித்து அவரே அழைத்தார். காற்றும் மழையும், ஊர் முழுக்க நெட் இல்லை. பனிமூட்டம் வந்தாலே ஃபைபர் படுத்துவிடும் என்பது அவருடைய முதலாளியின் நம்பிக்கை. கம்பத்துப் பெட்டியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறாராம். பனி கேபிளுக்குள் புகாது, எலுமிச்சைச் சாறு பெட்டிக்குள் ஒழுகினால்தான் வம்பு. முதலாளி எல்லாப் பெட்டியையும் அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இவர் முதலில் டிரேசர்ட் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"இரண்டு வரி சுத்தமா வருது சார். மூணுலருந்து கடைசி வரைக்கும் நட்சத்திரம். போன தடவை மாதிரி நடுவுல ஒண்ணு இல்ல."

"அப்போ?"

"நம்ம ஆபீஸ் பெட்டி நல்லா இருக்கு. கீழ போற லைன்தான். அரவேனு தாண்டி ரோட்ல கற்பூர மரம் சாஞ்சு கெடக்குதாம், மெஷின் வாளோட ஆள் போயிருக்கு. நான் ஒட்டுற பெட்டிய எடுத்துட்டுக் கெளம்புறேன்."