திறப்பு: பூட்டுக்கா, சதுரங்கத்துக்கா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து மருமகன் கைத்தொலைபேசியில் சதுரங்கப் பாடம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். பத்து வயது. திடீரென்று நிமிர்ந்து, “மாமா, அண்டர்சன் திறப்பு எண்டு போட்டிருக்கு. அவர் என்னத்தின்ர திறப்பு வைச்சிருந்தவர்?” என்றான். குசினிக்குள் நின்ற அக்காவுக்கு ‘திறப்பு’ மட்டும் கேட்டிருக்கிறது. “கேற் திறப்பெண்டால் ஆணியிலை கொழுவிக் கிடக்கு” என்று குரல் வந்தது.

பிழை இருவரிலும் இல்லை. அந்தச் சொல்லை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தவரில்தான்.

‘திற’ என்ற வினையில் பிறந்தது திறப்பு. பிறப்பு, இறப்பு, மறப்பு போல ஒரு தொழிற்பெயர். ‘கடைத் திறப்பு விழா’ என்று அழைப்பிதழ் அடிக்கும்போது நாமும் திறத்தல் என்ற பொருளில்தான் எழுதுகிறோம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் செயலின் பெயர் கருவிக்கு ஆகிவந்துவிட்டது. இலக்கணக்காரர் இதைத் தொழிலாகுபெயர் என்பார்கள். ‘வற்றல் பொரித்தேன்’ என்பதில் வருகிற வற்றலைப் போல. சைக்கிள் திறப்பு, அலுமாரித் திறப்பு, திறப்புக் கோர்வை, கள்ளத் திறப்பு என்று நாள் முழுக்கப் புழங்குகிற சொல் இது.

தமிழ்நாட்டார் இதையே சாவி என்பார்கள். சாவி தமிழல்ல, போர்த்துக்கீசியரின் ‘ஷாவெ’. வேடிக்கை என்னவென்றால், 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் நேரடியாக ஆண்ட மண் இது. கதிரை, சப்பாத்து, பாண், அலுமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவை. அலுமாரியை அவர்களிடம் வாங்கிய சனம், அதன் திறப்புக்கு மட்டும் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டது. எழுத்துத் தமிழில் திறவுகோல் என்றால் எல்லா ஊராருக்கும் விளங்கும். ஆனால் சந்தைக்குப் போகிற அவசரத்தில் யாரும் திறவுகோலைத் தேடுவதில்லை.

இனிச் சதுரங்கத்துக்கு வருவோம். ஆட்டத்தின் முதற் பத்துப் பதினைந்து நகர்வுகளை ஆங்கிலத்தில் ‘ஓப்பனிங்’ என்கிறார்கள். அகராதியில் அதற்கு முதலில் கிடைக்கிற பொருளை எடுத்துத் ‘திறப்பு’ என்று போட்டுவிட்டார்கள். இதே ‘ஓப்பனிங்’ கிரிக்கெட்டிலும் உண்டு. அங்கே நம்முடைய பத்திரிகைகள் தடுமாறவில்லை, ‘ஆரம்பத் துடுப்பாட்ட வீரர்’ என்று அழகாக எழுதிவிட்டன. ‘திறப்புத் துடுப்பாட்ட வீரர்’ என்று எழுதியிருந்தால் மைதானத்துப் படலையடியில் கோர்வையோடு நிற்கும் காவலாளிதான் நினைவுக்கு வந்திருப்பார். சதுரங்கத்துக்கும் அந்த வழிதான் சரி: தொடக்கம். அண்டர்சன் தொடக்கம், இங்கிலிஷ் தொடக்கம். ‘காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும்’ என்று நாம் நாளாந்தம் சொல்லும் தொடக்கமும் இதுதான். புதிதாகப் பழக ஒன்றுமில்லை.

அப்படியென்றால் திறப்பு என்ற சொல்லுக்குச் சதுரங்கத்தில் வேலையே இல்லையா? இருக்கிறது, வேறோர் இடத்தில். ‘வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் செக்மேட்’ என்று வருகிற புதிர்களில், விடையின் முதல் நகர்வை ஆங்கிலத்தில் ‘கீ’ என்கிறார்கள். ஜெர்மனில் ‘ஷ்லூசல்’, பிரெஞ்சில் ‘க்ளே’. மூன்றும் பூட்டுத் திறக்கிற அதே பொருள்தான். ஒழுங்காக ஆக்கிய புதிருக்கு ஒரே ஒரு திறப்புத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று பொருந்தினால் அது கள்ளத் திறப்பு, புதிர் பழுது. புதிர் ஆக்குகிறவர்களிடம் இன்னொரு மரபும் உண்டு. திறப்பு செக் சொல்லக்கூடாது, காயை வெட்டவும் கூடாது. சத்தமில்லாத, யாரும் எதிர்பாராத நகர்வாக இருந்தால்தான் அவர்களிடத்தில் மதிப்பு.

அன்றைக்குப் பலகையில் வைத்துக் காட்டியது இது. (கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை.) வெள்ளை ராசா டி7, குதிரை ஈ6, காலாள் ஏ6. கறுப்பு ராசா மூலையில் ஏ8, காலாள்கள் ஏ7, எச்7. வெள்ளை ஆட வேண்டும், இரண்டில் செக்மேட். மருமகன் யோசிக்கவேயில்லை. குதிரையைச் சி7 இல் தட்டி “செக்!” என்றான். கறுப்பு ராசா பி8 இற்கு நழுவிவிட்டார், அடுத்த நகர்வில் அவரைப் பிடிக்க வழியில்லை. குதிரையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வெள்ளை ராசாவைச் சி8 இற்கு நகர்த்தினேன். செக் இல்லை, வெட்டு இல்லை. “இதென்ன மாமா, சும்மா நடக்கிறார்?” ஆனால் பி8, பி7 இரண்டும் இப்போது அவர் கைக்குள். கறுப்பு ராசாவால் அசைய முடியாது. ஏ7 காலாளுக்கு முன்னால் வெள்ளைக் காலாள் நிற்கிறது. மிச்சம் எச்7 காலாள் மட்டும். அது ஓரடி வைத்தாலும் ஈரடி வைத்தாலும் குதிரை சி7 இற்கு வந்து கதையை முடித்துவிடும். ராசாவின் அந்த ஒற்றை நடைதான் திறப்பு.

இந்த வகையில் பேர்போனது அமெரிக்கரான சாம் லொயிட் ஆக்கி 1861 இல் வெளியான ஐந்து நகர்வுப் புதிர். முதன்மை விடையில் செக்மேட் செய்யவே மாட்டாத காய் எது என்று காட்டும்படி நண்பரிடம் இராச்சாப்பாட்டுக்குப் பந்தயம் கட்டினார். நண்பர் பி2 காலாளைக் காட்டினார். திறப்பே அந்தக் காலாளின் பி4 நகர்வுதான். கடைசியில் ஏ8 வரை ஏறிப் புதுக் காயாகி செக்மேட் செய்வதும் அதுவே.

சரி, அண்டர்சன் ஆர்? அடோல்ஃப் அண்டர்சன் 1851 இல் இலண்டன் போட்டியில் முதலிடம் பெற்ற ஜெர்மன் ஆட்டக்காரர். 1858 இல் பாரிஸில் 21 வயதுப் போல் மோர்ஃபியோடு மோதி 7 தோல்வி, 2 வெற்றி, 2 சமநிலை என்று படுதோல்வி கண்டார். ஆனால் மூன்று ஆட்டங்களில் ஏ3 என்று ஓரக் காலாளை ஓரடி வைத்துத் தொடங்கினார். அவர் பெயரில் வழங்குகிற தொடக்கம் இதுதான். அவற்றில் ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று சமநிலை. மோர்ஃபியிடம் அடிவாங்கிய அந்தத் தொடரில் இது மோசமான கணக்கில்லை.

ஏ3 என்ன செய்கிறது? பி4 கட்டத்தில் எதிராளியின் அமைச்சரும் (பிஷப்) குதிரையும் வந்து குந்தாமல் தடுக்கிறது. பின்னால் பி4 தள்ள வழி வைக்கிறது. கறுப்பு ஈ5 ஆடினால் வெள்ளை சி4 ஆடலாம். அப்போது நிறம் மாறிய சிசிலியன், அதாவது ஈ4 இற்குக் கறுப்பு சி5 என்று ஆடுகிற தொடக்கம், வெள்ளையின் கையில் கிடைக்கிறது, அதில் வழக்கமாக ஆடவேண்டிவரும் ஓரக் காலாள் நகர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும். பாடமாக்கிக்கொண்டு வந்த எதிராளி முதல் நகர்விலேயே சொந்தமாக யோசிக்க வேண்டும். கழக மட்டத்தில் என் கணக்குக்கு இதுதான் பெரிய இலாபம். குறையும் உண்டு. நடுப்பலகையைத் தொடவில்லை, முதல் ஆட்டக்காரரின் முந்துகையைக் கையளித்தாயிற்று. பி4 கட்டத்தை எதிராளி தேடாமல், அமைச்சரை ஜி7 இல் வைத்துக் காத்திருந்தால் ஏ3 கொஞ்சம் வெறும் நகர்வாகிப் போகும்.

இதில் இன்னொரு பகிடி. ஈ4 ஆடினால் அரசிக்கும் அமைச்சருக்கும் வழி திறக்கிறது. ஏ3 ஆடினால் திறப்பது கோட்டைக்கு ஏ2 என்ற ஒரேயொரு கட்டம். திறத்தல் என்ற பொருளில் பார்த்தாலும் ‘அண்டர்சன் திறப்பு’ என்ற பெயர் நிற்காது.

மருமகன் கொப்பியில் ‘அண்டர்சன் தொடக்கம், ஏ3’ என்று எழுதினான். அதற்குக் கீழே, கோடு போட்டு, ‘திறப்பு: குதிரை இல்லை, ராசா, சி8’.