அடிபடுவதற்கு முன்பே எழுதிய தேர்வு

தலையில் பலத்த காயம்பட்டுப் பிழைத்து வந்தவரைப் பற்றி வீட்டார் டாக்டரிடம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஆள் முன்ன மாதிரி இல்ல டாக்டர்." முன்பு அவர் எப்படி இருந்தார் என்பதற்கு டாக்டரிடம் எந்தக் கணக்கும் இருக்காது. ஞாபகசக்தி குறைந்திருக்கிறதா, எவ்வளவு குறைந்திருக்கிறது, காயம்தான் காரணமா என்பதையெல்லாம் ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். விபத்துக்கு முந்தைய நாள் யாரும் மூளைத்திறன் தேர்வு எழுதி வைத்துவிட்டுப் போவதில்லையே.

வியட்நாமில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள் எழுதியிருந்தார்கள். படையில் சேரும்போதே அவர்களுக்கு ஆயுதப்படைத் தகுதித் தேர்வு வைப்பார்கள். சொல்வளம், கணக்கு, கருவிகளைப் பற்றிய அறிவு, உருவங்களை மனதுக்குள் மடித்தும் திருப்பியும் பார்க்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்து 1 முதல் 99 வரை ஒரு மதிப்பெண். யாரைப் படையில் எடுக்கலாம், எந்த வேலையில் போடலாம் என்று பார்ப்பதற்கான தேர்வு அது. மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மூளைக்காய ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் கிடைத்ததில்லை என்றே நான் சொல்வேன்.

1967 முதல் 1970 வரை, வில்லியம் கேவ்னஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் முயற்சியில், தலையில் காயம்பட்டு முதல் வாரத்தைத் தாண்டிய வீரர்களைப் பற்றி ராணுவ மருத்துவர்கள் ஒரு எளிய படிவத்தை நிரப்பி வைத்தார்கள். சுமார் 2,000 பேரின் விவரம் சேர்ந்தது. முந்தைய போர்களில் இப்படிப்பட்ட காயத்தோடு பிழைத்திருக்கவே முடியாதவர்கள் இவர்களில் பலர். ஹெலிகாப்டர் அவர்களைச் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்தது. காயத்தின் தன்மையும் ஒரு காரணம். பெரும்பாலானவர்களின் தலைக்குள் புகுந்தது வேகம் குறைந்த குண்டுச் சிதறல். வேகமாகப் பாயும் துப்பாக்கிக் குண்டு, தான் போகும் பாதையைச் சுற்றியிருக்கும் திசுவையும் சிதைத்துவிடும். சிதறல் துண்டு ஓரிடத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போய் நின்றுவிடும். அதனால்தான் மூளையின் இன்ன பகுதி போனால் இன்ன திறன் போகும் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

1981 முதல் 1984 வரை ஆண்ட்ரெஸ் சலசார், ஜோர்டன் கிராஃப்மன் முதலான மூளை ஆய்வாளர்கள் இவர்களில் 520 பேரையும், காயம்படாமல் திரும்பிய 85 பேரையும் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு வரவழைத்தார்கள். பழைய தகுதித் தேர்வையும் மறுபடி எழுத வைத்தார்கள். காயத்துக்குப் பிந்தைய அறிவுத்திறனை முன்கூட்டிச் சொல்வதில் முதலிடம் பிடித்தது காயத்தின் அளவோ இடமோ அல்ல, படையில் சேர்ந்தபோது வாங்கிய அந்த மதிப்பெண்தான். ஒரே அளவு மூளைத் திசுவை இழந்த இருவரில், முன்பு கூடுதல் மதிப்பெண் வாங்கியவரே பின்னாலும் மேலே நின்றார்.

2003 முதல் 2006 வரை அடுத்த சுற்று. மேரிலாந்தின் பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு இம்முறை வந்த காயம்பட்டவர்கள் 199 பேர். அதற்குள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்து மூளையைத் துல்லியமாகப் பார்க்கும் காலம் ஆகியிருந்தது. இவர்களை மட்டும் அதற்குள் அனுப்ப முடியவில்லை. பலரின் மூளைக்குள் அந்த உலோகத் துண்டு இன்னும் இருந்தது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை அசைத்துவிடக்கூடும். எனவே சி.டி. ஸ்கேனை வைத்தே காயத்தின் எல்லையைக் குறித்தார்கள்.

அந்தப் படங்களிலிருந்து 2008-இல் வந்த முடிவு மருத்துவ உலகையே நிமிர்ந்து உட்கார வைத்தது. போரின் கொடூரம் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வரும் பி.டி.எஸ்.டி. என்னும் மனநோய், மூளைக்காயம் இல்லாத வீரர்களில் 48 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா சேதமடைந்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அதைவிட வியப்பு, நெற்றிக்குப் பின்னால் மூளையின் அடிப்பக்கம் நடுவில் இருக்கும் பகுதி. அமிக்டலாவை அடக்கி வைப்பது அதுதான் என்றே அதுவரை கருதினார்கள். அப்படியானால் அது போனவர்களுக்கு அச்சம் கட்டுக்கடங்காமல் போக வேண்டும். நடந்தது நேர்மாறு, 18 சதவீதம் பேருக்கே நோய் வந்திருந்தது. பழைய அச்சத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடுவதிலும் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அடிபட்டதும் நல்லதுக்குத்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே பகுதி சேதமானவர்களிடம் கோபமும் வன்முறையும் அதிகம் என்பதை இதே வீரர்களை வைத்து 1996-இலேயே கிராஃப்மன் காட்டியிருந்தார். வீட்டில் அதைத் தாங்க வேண்டியவர்கள் மனைவியும் பிள்ளைகளும்.

வலிப்பு நோய் இன்னொரு பெரிய சுமை. காயம்பட்டு 15 ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வந்திருந்தது. 2003-இல் தொடங்கிய சுற்றில் வலிப்பு இருந்தவர்கள் 87 பேர். அவர்களில் 11 பேருக்கு முதல் வலிப்பே காயம்பட்டு 14 ஆண்டுகளுக்குப் பிறகுதான் வந்தது. ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைத்த காயத்தைச் சுற்றி நரம்பு இணைப்புகள் அத்தனை காலமும் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

இனி மறுவாழ்வு. காயம்பட்டு 15 ஆண்டு கழித்து வேலையில் இருந்தவர்கள் 56 சதவீதம், காயம்படாதவர்களில் 82. வலிப்பு, கை கால் பலவீனம், பார்வைப் புலத்தில் இழப்பு, சொற்களை மறப்பது, பார்த்ததை மறப்பது, மனநலச் சிக்கல், வன்முறை என ஏழு குறைபாடுகள் வேலையைப் பறித்தன. எந்தக் குறை என்பதைவிட எத்தனை குறை சேர்ந்தது என்பதே முக்கியமாக இருந்தது. ஒன்றிரண்டு என்றால் சமாளித்தார்கள், கூடக்கூட வேலை வாய்ப்பு படிப்படியாகச் சரிந்தது. இருக்கும் ஏழில் ஒன்றைக் குறைத்தாலும் பலன் உண்டு என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதையும் சலசார் குழுவே சோதித்தது. பணியிலிருக்கும்போது தலையில் காயம்பட்ட வேறு 120 வீரர்களில் ஒரு பிரிவினர் 8 வாரம் வால்டர் ரீடில் தங்கித் தீவிரப் பயிற்சி பெற்றார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே பயிற்சி செய்ய, மனநல நர்ஸ் வாரம் ஒருமுறை போனில் பேசினார். ஓராண்டு கழித்துப் பார்த்தால் வேலைக்குத் திரும்பியவர்கள் முறையே 90, 94 சதவீதம். வாரம் ஒரு போன் அழைப்பு மருத்துவமனைக்கு இணையாக நின்றது! ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்தவர்களைத் தனியே பார்த்தபோது மட்டும், தங்கிப் பயின்றவர்களில் கூடுதலானோர் ராணுவப் பணிக்குத் தகுதியடைந்திருந்தார்கள்.

எனக்கு மனதை உறுத்துவது கடைசிச் செய்தி. படையில் சேர்ந்தபோது, சுமார் 15 ஆண்டு கழித்து, 35 ஆண்டு கழித்து என மூன்று முறை எழுதிய ஒரே தேர்வை ஒப்பிட்டபோது, ஐம்பதுகளின் பிற்பகுதியில் காயம்பட்டவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களுடையதைவிட வேகமாகச் சரிந்திருந்தது. இருபது வயதில் பட்ட காயம் முதுமையில் மறுபடி கணக்குக் கேட்கிறது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பலருக்குத் தலைக்குள் எதுவும் புகவில்லை, வெடியின் அதிர்வலை மட்டும் தாக்கியது. வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இறந்துபோன வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான், சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் சேரும் இடங்களில் தழும்புகள் இருப்பதை நரம்பு நோயியல் மருத்துவர் டேனியல் பெர்லின் குழு கண்டது; 2016-இல் அதை வெளியிட்டது. உயிரோடிருப்பவரிடம் அதைப் பார்க்க இயலாத நிலையில், முன்பு எடுத்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. அமெரிக்க வீரர்கள் போர்முனைக்குப் புறப்படுவதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் கணினியில் மூளைத்திறன் தேர்வு எழுத வேண்டும் என்று 2008-இல் விதித்தார்கள். இந்தப் போர்களில் காயம்பட்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கவும் அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. வியட்நாம் வீரர்களின் சரிவு 35 ஆண்டு கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஆகவே 15 போதாது, இவர்கள் அறுபதைத் தாண்டும் வரை அந்த ஆய்வு நீள வேண்டும்.