மூன்று குறி, அறுபது இடம்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் ஊரில் இருக்கும் என் பெரியம்மா ஒரு தேர்தலில் ஓட்டுச்சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் நின்றார், மற்ற யாரையும் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னதும் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, அந்தச் சீட்டே செல்லாது!"

மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். சீட்டில் சரியாக மூன்று குறி இருந்தாக வேண்டும். ரோட்ரிக்ஸ் தீவு 21ஆவது தொகுதி, அங்கே மட்டும் இரண்டு. ஆக நாடாளுமன்றச் சபைக்கு ஓட்டில் தேர்வாகிறவர்கள் 62 பேர். தொகுதியை இங்கே எண்ணால்தான் சொல்வார்கள். பெரியம்மா நம்பர் 19.

பிரதமர் பதவி அந்தச் சீட்டில் எங்கும் இல்லை. சபையில் பெரும்பான்மையினரின் ஆதரவு யாருக்கு உண்டு என்று குடியரசுத் தலைவருக்குத் தோன்றுகிறதோ அந்த உறுப்பினரை அவர் பிரதமராக நியமிக்கிறார். அரசியலமைப்புச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். மீதியெல்லாம் கணக்கு.

ஒரு தொகுதியில் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் மூன்று குறியையும் ஒரே கூட்டணிக்குப் போடுகிறார்கள், நாற்பது பேர் எதிரணிக்கு. தொகுதிக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இந்த நாற்பதுக்கு ஓர் இடம் பறிபோகும். இங்கே ஒரே அடியில் மூன்று போகிறது. இந்தச் சாய்வு தீவு முழுவதும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் இருபது மூன்று அறுபது, எதிரணிக்குப் பூஜ்யம். ஏதோ ஒரு மூலையாவது வேறு பக்கம் சாய்ந்தால்தான் எதிரணி பிழைக்கும். கற்பனைக் கணக்கு அல்ல இது. 1982, 1995, 2024 என மூன்று முறை 60-0 வந்திருக்கிறது. வென்றவர்களுக்கு விழுந்ததோ மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான ஓட்டு.

பிரதமரும் ஏதோ ஒரு நம்பரில் நிற்கும் வேட்பாளர்தானே? அலை திரும்பினால் அவர் சொந்தத் தொகுதியும் சேர்ந்தே போகும். 1982இல் சிவசாகர் ராம்கூலம், 1995இல் அனிருத் ஜக்நாத், 2014இல் நவீன் ராம்கூலம், 2024இல் பிரவிந்த் ஜக்நாத் ஆகிய நால்வரும் பதவியில் இருந்தபடியே தங்கள் தொகுதியில் தோற்றவர்கள்.

இப்படி அடியோடு துடைத்துப் போவதைச் சற்றே ஈடுகட்டுவது போல, தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கிய சிலருக்கு அதிகபட்சம் எட்டு இடங்கள் வரை தருகிறார்கள். 2024இல் எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜோங்கார் அந்த வழியில் உள்ளே வந்தவர்தான். ஆனால் இந்த இடங்களைச் சமூகம் பார்த்துப் பிரிக்கிறார்கள், அதற்கான மக்கள்தொகைக் கணக்கு 1972இல் எடுத்தது. அந்தப் பட்டியலில் தமிழர் என்று தனிப் பிரிவு கிடையாது, இந்துக்களோடு சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். கோயில் வாசலில் இந்தப் பேச்சு எடுத்தால் காவடி கிளம்ப நேரமாகிவிடும், விடுங்கள்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறொன்று. பிரதமரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அந்தத் தலைவரைச் சபை தேர்ந்தெடுப்பதோ பிரதமர் கொண்டுவரும் தீர்மானத்தின் பேரில்! சபையில் எண்ணிக்கை இருந்தால் பிரதமர் பதவி கைமாறத் தேர்தலே வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுக் கூட்டணி முதலிலேயே பேசிவைத்தபடி, 2003இல் அனிருத் ஜக்நாத் பிரதமர் நாற்காலியைக் கூட்டாளிக் கட்சித் தலைவர் பால் பெராஞ்சேவிடம் கொடுத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆனார். 2017 ஜனவரியில் அதே அனிருத் பதவி விலக, மகன் பிரவிந்த் பிரதமரானார். சபையில் எண்ணிக்கை இருந்தது, சட்டப்படி குறையொன்றும் இல்லை.

சபை நிறைவேற்றும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் மறுத்தால்? மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்துப் போட்டே தீரவேண்டும். 2002 பிப்ரவரியில் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மனமில்லாமல் அப்போதைய குடியரசுத் தலைவர் காசம் உத்தீம் பதவியை விட்டார். அடுத்துப் பொறுப்பேற்ற துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் சில நாளிலேயே விலகினார். பிறகு தற்காலிகத் தலைவராக வந்தவர் தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை. அவர் கையெழுத்திட்டார், மசோதா சட்டமானது. அந்த மாதம் முழுவதும் பிரதமர் நாற்காலி அசையவே இல்லை.