மிஷனரி என்றால் மதபோதகரா?

வெளிநாட்டுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகிற மிஷனரிக் குடும்பங்களைப் பற்றி மொழிபெயர்ப்பில் வரும் செய்திமடல்களில் ‘மதபோதகர் குடும்பம்’ என்பது இப்போது சர்வசாதாரணம். அப்பா மதபோதகர், சரி. அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேரும் அம்மா யார்? விசா ஆவணங்களில் அவரையும் மதபோதகர் என்றே எழுதுவார்களா?

‘மிஷனரி’ என்ற சொல்லின் கதை சின்னது. லத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. ‘மிஸ்ஸியோ’ என்றால் அனுப்புதல். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தங்கள் ஆட்களைத் தொலைதேசங்களுக்கு அனுப்புவதைக் குறிக்க இதைப் புழங்கினார்கள், அங்கிருந்து பரவியது. கிரேக்க வழியில் வந்த ‘அப்போஸ்தலர்’ என்ற சொல்லுக்கும் இதே பொருள்தான். ஆக, மிஷனரி என்றால் அனுப்பப்பட்டவர். போய் என்ன செய்வார் என்பது சொல்லுக்குள் இல்லை.

‘மதபோதகர்’ அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. அனுப்புதலைத் தூக்கிப் போட்டுவிட்டு, போதனையை உள்ளே திணிக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கேயும் பெண்கள் பள்ளியும் லேஸுமாக இருந்தார். ஊசியும் நூலுமாக இருந்த இவர்களை மதபோதகர் என்றால் யாருக்குப் புரியும்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன் மருத்துவர். மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். தமிழ்க் கலைச்சொல்லுக்காக அத்தனை மெனக்கெட்ட மனிதரைப் பொருந்தாத சொல்லால் அழைக்கிறோம்.

இன்னொன்று, சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் ‘போதகர்’ என்றால் உள்ளூர்ச் சபையை நடத்துபவர், ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்பவர். அவர் வேறு, கடல் கடந்து அனுப்பப்பட்டவர் வேறு. முன்னால் ‘மத’ ஒட்டினால் அந்த வித்தியாசம் வந்துவிடாது. தேவாலய வாசலையே மிதிக்காதவர் மொழிபெயர்த்தது என்ற வாடைதான் வரும்.

‘அருட்பணியாளர்’ நல்ல சொல். ஆனால் கத்தோலிக்கர்களிடம் அது குருவானவரைக் குறிக்க நிலைத்துவிட்டது. ‘அருட்பணியாளர் குடும்பம்’ என்று எழுதிப் பாருங்கள், அவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். ‘ஊழியர்’ என்பதை அரசாங்க அலுவலகம் எடுத்துக்கொண்டது. ‘இறைத்தூதர்’ இஸ்லாமியர்களின் சொல், அதைத் தொடவே கூடாது. ‘மறைபரப்புநர்’ கிரந்தம் இல்லாமல் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் பரப்புதல் என்ற ஒரே வேலையைத்தான் சொல்கிறது. தனித்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை உண்டு. கிரந்தம் போனால் போதும், பொருள் எப்படிப் போனால் என்ன என்பதுதான் ஒத்துவரவில்லை. ஷ-வுக்குப் பதில் ச போட்டு ‘மிசனரி’ என்று எழுதுவது அதைவிடக் கொடுமை, அது எந்த மொழியிலும் சேர்த்தி இல்லை.

என் தேர்வு ‘மறைத்தூதுப் பணியாளர்’. தூது என்றாலே அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார் என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். பணியாளர் என்பதில் ஆசிரியர், மருத்துவர், அச்சுக்கோப்பவர் எல்லாரும் அடங்குவார்கள். நீளம்தான். பேச்சில் ‘மிஷனரி’யே இருக்கட்டும், ‘பாதிரி’யைப் போல அதுவும் நம் வீட்டுச் சொல்லாகி நாளாயிற்று.

இந்த மடல்களில் மற்ற சொற்களும் இதே கதிதான். அவர்கள் வேலை செய்யும் இடம் ‘மிஷன் புலம்’ ஆகிறது. ‘பணித்தளம்’ என்று சபைகளில் காலங்காலமாகச் சொல்வதைக் கேட்டிருந்தாலே போதும். ‘வெளிநாட்டில் குடியேறினார்கள்’ என்பதும் தப்பு. குடியேறுகிறவர் அங்கேயே நிரந்தரமாகத் தங்குபவர்; இவர்கள் மொழி படித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஊரோடு ஒட்டிப் பழகுகிறார்கள், அழைப்பு முடிந்தால் திரும்புகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்கு வந்து, தங்களைத் தாங்கும் சபைகளைச் சந்தித்துப் பணி விவரம் சொல்லும் காலத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபர்லோ’ (furlough) என்று பெயர்; அதை ‘சம்பளமில்லா விடுப்பு’ என்று போடுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்ட வேலை இது. ஊர் ஊராக அலைந்து சபை சபையாகப் பேசுவதற்கு விடுப்பு என்று பெயரா? ‘தாயகப் பணிக்காலம்’ என்று எழுதலாமே.