மார்ஜரினைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோவை, ஈரோடு பக்கத்து பேக்கரிகளில், வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் மார்ஜரின் அன்றாடச் சொல். பப்ஸ் மாவை மடித்து மடித்துத் தேய்க்கும்போது நடுவில் வைப்பது பெரும்பாலும் அதுதான். எழுத்துத் தமிழில் இதைச் ‘செயற்கை வெண்ணெய்’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் சொல்லின் வேர். கிரேக்கத்தில் ‘மார்கரிட்டேஸ்’ என்றால் முத்து. கொழுப்பிலிருந்து கிடைத்த ஓர் அமிலம் முத்துப்போல் மினுங்கியதால், பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரேல் 1813-இல் அதற்கு மார்கரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். பிறகு, வெண்ணெய்க்கு மலிவான மாற்று வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவிக்க, மேஜ்-மூரியே என்பவர் 1869-இல் மாட்டுக் கொழுப்பையும் பாலையும் சேர்த்து ஒன்றைச் செய்தார். பழைய பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் பரவியதும் தாவர எண்ணெய் மாட்டுக் கொழுப்பின் இடத்தைப் பிடித்தது. 1937-இல் வந்த டால்டாவும் அந்த முறையில் பிறந்ததே. ஆனால் டால்டா முழுக்கக் கொழுப்பு. மார்ஜரினில் தண்ணீரும் உண்டு.

வெண்ணெய் அப்படியல்ல. பால் காய்ச்சி, உறை ஊற்றி, தயிர் கடைந்து, திரண்டு வந்தால்தான் வெண்ணெய். எருமைப்பால் வெண்ணெய்க்கு ஊத்துக்குளி பெயர் வாங்கியிருக்கிறது என்றால் அதன் பின்னால் மாடு மேய்த்தவர்களின் உழைப்பு இருக்கிறது. ‘செயற்கை’ என்று முன்னால் போட்டாலும் அந்தப் பெயரை எண்ணெய்க்குக் கொடுப்பது நியாயமில்லை.

அப்புறம் என்ன சொல்லலாம்? பழந்தமிழில் நெய் என்பது கொழுப்புக்கெல்லாம் பொது. எள்+நெய் எண்ணெய் ஆனது. பின்பு அதுவே எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயரானது. மார்ஜரினில் உண்மையிலேயே எள்ளுக்கும் இடமுண்டு. நெய்யில் கலப்படம் செய்தால் சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக்கொடுக்கட்டும் என்று, டால்டா போன்ற வனஸ்பதியிலும் மார்ஜரினிலும் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க இந்தியாவில் விதி செய்தார்கள். எண்ணெயை இறுக்கிச் செய்வதால் ‘இறுகெண்ணெய்’ என்பதே பொருத்தம் என்பேன்.

அமெரிக்காவில் 1950களின் இறுதியில் மார்ஜரின் வெண்ணெயை முந்தியது. விலையும் இதயநோய் பற்றிய அச்சமும் அதற்குக் கைகொடுத்தன. இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பே இதயத்துக்குக் கேடு என்று தெரிந்தபின், 2005 வாக்கில் வெண்ணெய் மறுபடி மேலே வந்தது. இந்தியாவிலும் 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

இடையில் வந்தது ‘லோ ஃபேட் ஸ்பிரெட்’. வெண்ணெயில் 80 விழுக்காடு கொழுப்பு என்றால் இதில் பாதிதான் இருக்கும். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ரொட்டிக்குச் சரி, தோசைக்கல்லில் போட்டால் வெடிக்கும். பொரியல், வறுவல், துவையல் மாதிரி இதற்குத் ‘தடவல்’ போதும்; ‘கொழுப்பு குறைந்த தடவல்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

அடுத்த முறை பேக்கரியில் கேட்டுப் பாருங்கள்: “அண்ணா, பப்ஸுக்கு வெண்ணெய் போடறீங்களா, இறுகெண்ணெயாங்க?”