விபத்துச் சிகிச்சைக்குத் தரச்சான்று: உயிர் தப்புவதோடு அதற்கு என்ன தொடர்பு?

வீதியில் அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதை எங்கள் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் தூரமும் பழக்கமும்தான் தீர்மானிக்கின்றன. அங்கே இரவு இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் இருப்பாரா, குருதி இருக்குமா என்று அந்த நேரம் யாரும் யோசிப்பதில்லை. விபத்து மையம், அதாவது கடுங்காயக்காரருக்கு எந்நேரமும் ஆயத்தமாக இருக்கும் ஆஸ்பத்திரி, என்ற அங்கீகாரம் சோதிப்பது இதைத்தான்.

அமெரிக்காவில் 14 மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. ஒப்பிடப்பட்டவை: முதல்நிலை (மிக உயர்ந்த நிலை) விபத்து மையங்கள் 18, விபத்து மைய அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரிகள் 51. காயத்தின் கடுமையையும் வயதையும் சமன்செய்து பார்த்தபோது, ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் மையங்களில் 10.4 வீதம், மற்றவற்றில் 13.8 வீதம். வயோதிபர்களில் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஏற்கெனவே நன்றாக இயங்கும் ஆஸ்பத்திரிதான் அங்கீகாரத்துக்கே விண்ணப்பிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. முழுப் பெருமையும் சான்றிதழுக்குப் போகாது.

அங்கே விபத்து மையங்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் பரிசோதகர்கள் கட்டடத்தைவிடப் பதிவேட்டைத்தான் துருவுவார்கள். மிகக் கடுமையான காயக்காரர் வந்து 15 நிமிடத்துக்குள் சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலருகே நிற்கவேண்டும். 100 பேரில் 80 பேருக்காவது அப்படி நடந்ததென்று காட்டவேண்டும். ஒவ்வொரு மரணமும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வருவார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? மோட்டார் சைக்கிள் ஹாண்டில் வயிற்றில் குத்தி மண்ணீரல் கிழிந்த ஒரு இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பில் சுமார் 5 லீற்றர் குருதி. ஒன்றரை லீற்றர் போகும்வரை பிரஷர் ஏறக்குறையச் சாதாரணமாகவே காட்டும். நாடித்துடிப்பு மட்டும் ஏறும், கைகால் குளிரும். ‘பிரஷர் நல்லாத்தானே இருக்கு’ என்று வாட்டில் படுக்கவைத்தால் விழும்போது ஒரேயடியாக விழுவார். அதன்பின் சேலைனை லீற்றர் கணக்கில் ஓடவிட்டால் குருதி நீர்த்து, உடம்பு குளிர்ந்து, உறைவதே நின்றுபோகும். அவருக்கு வேண்டியது குருதியின் கூறுகளான செங்கலம், பிளாஸ்மா, உறைய உதவும் குருதிச் சிறுதட்டு மூன்றும் ஏறக்குறையச் சம அளவில், கூடவே திறந்திருக்கும் சத்திரசிகிச்சைத் தியேட்டரும்.

ட்ரனெக்சாமிக் அமிலம் குருதிக்கட்டி கரையாமல் காத்துக் குருதிப்போக்கைக் குறைக்கும், விலை குறைந்த மருந்து. 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணித்தியாலத்தில். விபத்து நடந்து 3 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பலன். பிந்திக் கொடுத்தால் குருதிப்போக்கால் இறக்கும் ஆபத்துக் கூடும். ஆனால் மாற்றி அனுப்பும் துண்டில் விபத்து நடந்த நேரம் எழுதப்படாவிட்டால் அடுத்த வைத்தியர் எதை வைத்து முடிவெடுப்பார்? நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து வாகனம் ஏறுகிறவருக்கு அந்த 3 மணித்தியாலத்தில் கணிசமான பங்கு கடலிலேயே போய்விடும்.

ஆதார வைத்தியசாலையில் எடுக்கும் எக்ஸ்ரே அங்கேயே சிகிச்சையை மாற்றாது என்றால் அதற்காகக் காத்திருக்கக்கூடாது. குருதிப்போக்கை அடக்கி, சுவாசப் பாதையைக் காத்து, யாழ் போதனா வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அனுப்பவேண்டும்.

வீதியில் நிற்பவர்கள் 1990ஐ அழைக்கலாம், அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் மடக்கி ஏற்றினால் கழுத்து முறிவு முள்ளந்தண்டு வடத்தை நசுக்கலாம். குருதி வரும் இடத்தைத் துணியால் விடாமல் அழுத்துங்கள். அடிக்கொருதரம் தூக்கிப் பார்க்கவேண்டாம். தண்ணீரோ சோடாவோ வேண்டாம், மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி சுவாசப்பையில் இறங்கும். விபத்து நடந்த நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு உதவ நினைப்பவர்களுக்கும் ஒன்று. பெயர்ப்பலகையோடு பெரிய இயந்திரம் வாங்குமுன், குருதி சூடாக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். செங்கலம் 2 முதல் 6 பாகை குளிரில் இருந்து வருகிறது. அதை அப்படியே வேகமாக ஏற்றினால் ஏற்கெனவே குளிர்ந்தவர் இன்னும் குளிர்வார். விபத்துப் பதிவேட்டை நாளாந்தம் நிரப்ப ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதுதான் சிக்கல்.